பச்சைப் பொடி

வேல்ராஜ் இதய வால்வு மாற்றிக்கொண்டு வந்து ஆறு மாதமாகிறது. ரத்தம் உறைந்து வால்வை அடைத்துவிடாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

"ரத்தம் உறையுதே! மாத்திரைய ஒழுங்கா போடுதீங்களா? கீரை நெறைய சாப்பிடுதீங்களோ?"

"கீரைய நான் கையால தொடமாட்டேன் சார்."

அவர் அளவைக் கூட்டி எழுதினார்.

அன்று துறைமுக வேலையிலிருந்து மத்தியானமே வீடு திரும்பியவன் அடுப்பங்கரை வாசலில் நின்றுவிட்டான். மனைவி சண்முகப்ரியா ஒரு குப்பியிலிருந்து பச்சைப் பொடியை எடுத்து, அவனுக்கென்று தனியாக வைத்த குழம்பில் கலக்கிக்கொண்டிருந்தாள். இவன் செருமியதும் குப்பி முந்தானைக்குள் போய்விட்டது.

"ஏளா, என்னது அது?"

"மல்லிப்பொடி."

மல்லிப்பொடி எந்த ஊரில் பச்சையாக இருக்கிறது? பதினைந்து வருஷத்தில் குடித்துவிட்டு வந்து அவளை அடித்த நாட்களெல்லாம் அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. நல்ல நேரம் பார்த்து வந்த ஞாபகம்! மாத்திரையை முறிக்க எதையோ போடுகிறாள், கொலைகாரி என்று முடிவே கட்டிவிட்டான்.

அதன்பிறகு வீட்டில் கை நனைக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் புரோட்டாக் கடைக்குப் போனான். கூட்டிய மாத்திரையை மட்டும் விடவில்லை.

பத்தாம் நாள் பல் துலக்கும்போது எச்சில் சிவந்தது. பிறகு மூக்கில் ரத்தம். துண்டு நனைந்தும் நிற்கவில்லை. சண்முகப்ரியாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"பத்து நாளா நான் வீட்டுச் சாப்பாட்டத் தொடல. குப்பியில என்னன்னு இவகிட்ட கேளுங்க சார்!" படுக்கையிலிருந்தே கத்தினான்.

அவள் வீட்டுக்கு ஓடிப்போய்க் குப்பியை எடுத்துவந்தாள். டாக்டர் மோந்து பார்த்தார்.

"முருங்கை இலையா?"

"ஆமா சார். ஆப்பரேசன்ல போன ரத்தம் ஊறட்டும்னு காயவச்சு இடிச்சேன். கீரைன்னு தெரிஞ்சா தட்டத் தூக்கி எறிஞ்சிருவாக. அதான் மறைச்சுப் போட்டேன்."

டாக்டர் தலையில் கை வைத்தார். "இதுல இருக்க வைட்டமின் கே மாத்திரைய முறிச்சிருக்கு. அது தெரியாம நான் மாத்திரையக் கூட்டிட்டேன். இப்ப பொடி நின்னுட்டு. மாத்திரைய முறிக்க ஆளில்ல."

கூட்டின மாத்திரையை முறிக்க நர்ஸ் ஊசி போட்டாள். அதிலும் அதே வைட்டமின் கே.

எல்லோரும் போனபின் சண்முகப்ரியா கேட்டாள். "நான் மறைச்சது கீரையத்தான். நீங்க என்னன்னு நினைச்சீக?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் இப்போது பொடி இல்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் அவன் தட்டிலிருந்து முதல் வாயை அவள் தின்றுவிட்டுத்தான் அவன்முன் நகர்த்துகிறாள். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.