இரண்டு மாதிரிப் புழுக்கை

மலையடிவாரச் சோதனைச் சாவடிக் காவலாளி அவளுக்கு வைத்த பெயர் ‘புழுக்கை டாக்டர்’. அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷமாக அவள் பார்க்கிற உத்தியோகமே அதுதான். மலையேறிப் புழுக்கை பொறுக்குவாள், கழுவிச் சலிப்பாள், கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் இலைத்துண்டுகளை எண்ணுவாள். “இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு.

புழுக்கைக்குச் சொந்தக்காரன் ஆடும் இல்லை, மானும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பிறந்தது போல ஒரு கறுத்த மலைவிலங்கு. கூட்டம் சேராது. கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியைக் கிளையில் தேய்த்து, இது என் இடம் என்று வாசனை வைத்துவிட்டுப் போகும். புழுக்கை போட மட்டும் தினமும் ஒரே இடத்துக்கு வரும். அந்த மலையில் மிஞ்சியிருந்தது ஒரு கிழட்டுக் கிடாதான். இன்னொன்று இருப்பதற்குச் சான்று கிடைக்காவிட்டால் அவள் தங்கியிருந்த ஆய்வு நிலையத்தை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது.

அந்த மாதம் தகட்டில் இரண்டு மாதிரி தெரிந்தது. சில புழுக்கையில் இளந்தழை, மாவாக அரைபட்டு. சிலதில் மூங்கில் இலை, கத்தரித்துப் போட்டது போலப் பெரிய துண்டுகளாக. ஒரே வாய் இப்படி இரண்டு விதமாக மெல்லுமா? பல் தேறிய கிடா ஒன்று, பல் முளைக்கிற குட்டி ஒன்று. குட்டி என்றால் தாயும் எங்கோ இருக்கிறது! நுண்ணோக்கி வைத்திருந்த, யாருமில்லாத சமையலறையில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

புழுக்கைக் குவியலுக்கு எதிரே கேமரா கட்டினாள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், காலையில் வந்ததற்கும் காது கிழிந்திருந்தது, மாலையில் வந்ததற்கும் அதே காது கிழிந்திருந்தது. ஒரு வீடியோவில் அது நின்றபடி அசைபோட்டது. தாடை ஒரு பக்கமாகவே அசைய, மூங்கில் சக்கை வாயோரம் நழுவி விழுந்தது. ஒரு பக்கக் கடைவாய்ப்பல் தேய்ந்து போய்விட்டது. தளிர் கிடைத்த நாளில் மிச்சப் பல்லால் அரைத்திருக்கிறது, கிடைக்காத நாளில் மூங்கிலை விழுங்கியிருக்கிறது. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. வருகிற பனிக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம். பல் தேய்ந்தால் துண்டு பெரிதாகும் என்பது அவள் முதல் வருஷம் படித்த பாடம். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

‘இரண்டு’ என்று எழுதினால் யார் மலையேறி வந்து எண்ணப்போகிறார்கள்? அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு ‘ஒன்று’ என்று எழுதி அனுப்பினாள். நாலாம் நாள் உத்தரவு வந்தது. மாதக் கடைசியில் பூட்டிவிட்டு இறங்க வேண்டியது.

அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

“அப்பாடா! இனிமே தனியா அங்க கிடக்க வேண்டாம். உங்க அண்ணி இப்பவே ரூமை ஒழிச்சு வெக்கிறேங்கறா.”





“நான் வந்துடலாம்ண்ணா,” என்றாள். “அது எங்க போகும்?”