தூத்துக்குடியில் நிற்கும் கண்

கருத்தம்மாளின் விரல்கள் ஏலக்காய்க் குவியலுக்குள் போய்ப் போய் வந்தன. பச்சைக்காய் வலப்பக்கத் தட்டுக்கு, வெளுத்தது இடப்பக்கம், வெடித்தது டப்பாவுக்கு. சுற்றிலும் இன்னும் பதினொரு பெண்கள். தேனியில் போடி சாலையை ஒட்டிய அந்தக் குடோனில், நிறம் பார்த்துக் காய் பிரிக்கும் சீன இயந்திரம் வந்தபோது இவர்களை நிறுத்திவிட்டார்கள். ஒரே மாதத்தில் அதன் இரண்டு கேமராக்களில் ஒன்று பழுதானது. மாற்றுக் கேமரா தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கத்துறையிடம் மாட்டிக்கொண்டதால் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். இது எட்டாவது வாரம்.

சூப்பர்வைசர் பாண்டீஸ்வரன் போனை வைத்ததும் அனுசுயா கேட்டாள். "என்னண்ணே, கண்ணு வந்துருச்சா?"

"எங்கிட்டு வர? நாம மெஷின் பார்ட்ஸுன்னு போட்டுருக்கோம். அவுக கேமராங்கிறாக. கேமரான்னா வரி கூட. மொதலாளி கட்ட மாட்டேங்கிறாரு."

"அவுக சொல்றதுதான சரி?" என்றாள் கருத்தம்மாள். "படம் பிடிக்கிறத கேமரான்னு சொல்லாம ஆட்டுக்கல்லுன்னா சொல்லுவாக? எம்மக திரிஷாவுக்கு அடுத்த மாசம் பிரசவம். அதுவரைக்கும் அந்த ஆபீசரு விட்டுக்குடுக்கப்படாது."

"அவரு பேரு என்னன்னு கேளுங்கண்ணே. வீரபாண்டி கோயில்ல அவரு பேருக்கு நான் அக்கினிச்சட்டி எடுக்கேன்!" என்றாள் அனுசுயா. குடோனே சிரித்தது.

சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அந்தக் கேமரா இந்த இயந்திரத்தைத் தவிர வேறெதற்கும் உதவாது என்று அவர் சான்று எழுதினால் சரக்கை விடுவார்களாம். அவர் மூடியைக் கழற்றி, வேலை செய்யும் மற்றொரு கேமராவை ஓட்டிப் பார்த்தார்.

அனுசுயா எழுந்து வந்தாள். "சார், அது கேமராதான். இப்பப் பாருங்க." முந்தானையை இழுத்துவிட்டு, திறந்த வழியே முகத்தை நீட்டிக் கண்ணாடிக்கு நேராகச் சிரித்தாள். "விழுந்திருக்கா?"

திரையில் முகம் இல்லை. மேலிருந்து கீழாகக் கோடுகள் மட்டும் ஓடின. கறுப்பு, மாநிறம், பல் இருந்த இடத்தில் வெள்ளை.

"அய்யய்யோ, சேலைக்கரை மாதிரில இருக்கேன்!"

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். "அப்படியே இருங்கம்மா, அசையாதீங்க. முகம் விழாத கேமரா! இதத்தான் தேடிட்டிருந்தேன்." அவளையும் திரையையும் சேர்த்துத் தன் போனில் படமெடுத்துக்கொண்டார்.

அனுசுயாவின் சிரிப்பு மெல்ல நின்றது. "ஏண்ணே," என்றாள் பாண்டீஸ்வரனிடம், "கெடுத்துட்டேனா?"

பத்தாம் நாள் பெட்டி வந்தது. மறுநாள் காலை கேமராவைப் பொருத்தி முடித்ததும் பாண்டீஸ்வரன் தயங்கித் தயங்கிக் கருத்தம்மாளிடம் வந்தான். "ஆத்தா, நல்ல காய் ஒரு படி, கழிவு ஒரு படி சுத்தமாப் பிரிச்சுக் குடுங்க. அதக் காட்டித்தான் மெஷினுக்கு நிறம் பழக்கணுமாம். உங்க கை மாதிரி வராது."

"வாத்தியார் வேலையா? மக்குப் பிள்ளையா இருந்தா நான் அடிப்பேன், பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு வேலை முடிந்த மற்ற பதினொரு பேரும் திறக்காத தூக்குவாளிகளுடன் அவளுக்காக வாசலில் நின்றார்கள். ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. கருத்தம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு காயையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். படி நிறைந்த பிறகும் ஒருமுறை கிளறி, வெளுத்த காய் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தாள்.