இரண்டாவது தப்பு

"அண்ணி, மெஷின் சும்மா நிக்குது. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள புத்தகம் கடைக்குப் போகணும்னு பறந்தது நீங்கதானே?"

அச்சகத்துக்காரர் கதவில் சாய்ந்தபடி கேட்டார். அவள் நிமிரவில்லை.

"நிக்கட்டும் தம்பி. உங்க அண்ணன் பண்ணி வெச்ச வேலைக்கு என்னைக் கேட்டா?"

எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக அவள் கணவர் போட்ட கணக்கு விளையாட்டுகளும் சொல் புதிர்களும் மேசை முழுக்கத் தாள் தாளாகக் கிடந்தன. இதுதான் அவருடைய கடைசிப் புத்தகம். ஆள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது.

புதிர்களை முதலில் போட்டுப் பார்ப்பது எப்போதும் அவள் வேலை. ஒருமுறை போட்டுப் பார்க்காமலேயே "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவர் ஒவ்வொரு புத்தகத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்து வைப்பார். எத்தனை கெஞ்சினாலும் பக்கத்தைச் சொல்ல மாட்டார். அவளே கண்டுபிடித்தால்தான் திருத்துவார். இப்போது திருத்த அவர் இல்லை. தப்பு மட்டும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

"ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வெச்சிருக்கலாம்ல?"

"எழுதி வெச்சா அப்புறம் என்ன விளையாட்டும்பாரு. மனுஷனா அவரு?"

காலையிலிருந்து அழித்து அழித்து எழுதியதில் ரப்பர் பாதியாகிவிட்டது. சாப்பாட்டு வேளை தாண்டியபோதுதான் அந்த முக்கோணம் பிடிபட்டது. ஒன்று முதல் ஆறு வரை மூலைகளிலும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைக்க வேண்டும். எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் எட்டு வர வேண்டும். எப்படி வரும்? ஆறு இருக்கிற பக்கத்தில் மிகச் சிறிய எண்களான ஒன்றையும் இரண்டையும் வைத்தாலே ஒன்பது ஆகிவிடுகிறதே!

"சிக்கிட்டீங்களா!" என்று தாளைப் பார்த்தே திட்டினாள். எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினாள். "மெஷின்ல ஏத்துங்க தம்பி."

அவர் உள்ளே ஓடினார். மூலையில் கணினியில் பக்கம் வடிவமைக்கும் பெண் மட்டும் திரையை விட்டு எழவில்லை.

"அம்மா, பறவைப் பேர் தேடற எழுத்துக் கட்டத்துல மயில் எங்கே இருக்கு? பொழுது போகலைன்னு தேடினேன். மத்த எல்லாம் இருக்கு."

"நல்லாப் பாரு கண்ணு. குறுக்கே இருக்கும்."

"குறுக்கே, நெடுக்கே, தலைகீழா, எல்லாம் பாத்துட்டேன்."

அவளும் விரல் வைத்துத் தேடினாள். 'ம' இருந்தது. அதைச் சுற்றி எங்கேயும் 'யி' இல்லை.

அவர் ஒரு தப்புக்கு மேல் வைத்ததே இல்லை. அந்தக் கட்டத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஊசி குத்திய கையோடு வரைந்தார். "இதை நீ பாக்க வேண்டாம், சரியா இருக்கும்" என்று வேறு சொன்னார். அவளும் சரியென்று இன்று அதைத் தள்ளி வைத்திருந்தாள்.

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கட்டத்தைப் பார்த்தே கேட்டாள்.

அச்சகத்துக்காரர் கையைத் துடைத்தபடி வந்தார். "அண்ணி, ஓட்டட்டுமா?"

"நிறுத்துங்க. ஆஸ்பத்திரியில போட்டது இன்னும் இருக்கு. அத்தனையையும் பாக்கணும்."

"விளையாடறீங்களா? ஒரு மயில் இல்லைன்னா குழந்தைங்க என்ன கேஸா போடப் போகுது?"

"இல்லாத மயிலைத் தேடித் தேடி ஒரு குழந்தை தன்னை மக்குன்னு நெனச்சுக்கும். அது அவர் பேர் போட்ட புத்தகத்துல நடக்கக் கூடாது."

அச்சகத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் தாள்களைப் பிரித்து ஒரு கற்றையை அவரிடம் நீட்டினாள்.

"வாய் பாக்காம இதைப் போட்டுப் பாருங்க. சீக்கிரம் முடியும்."

முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். முதல் கணக்கிலேயே நெற்றி சுருங்கியது.

"அண்ணி, நெஜமா இது எட்டு வயசுக்கா?"

"அப்படித்தான் சொன்னாரு," என்றாள் அவள், அடுத்த கட்டத்தில் விரலை வைத்தபடி. "பேசாம போடுங்க."