ஒரு கரண்டி மூலிகைத் தூள்

பண்ணைக்குப் பண்ணை போய்க் கோழிக்கான மூலிகைத் தூள் விற்பவன் அவன். பூண்டு, மஞ்சள், வேப்பிலை, சுக்கு தவிர வேறொன்றும் இல்லை, தீவனத்தில் கலந்தால் கோழியின் குடல் சுத்தமாகும் என்பான். யாராவது முகம் சுளித்தால் அவர்கள் கண்முன்னே ஒரு கரண்டித் தூளை வாயில் போட்டு விழுங்கிக் காட்டுவான். நான்கு வருடமாக அதுதான் பிழைப்பு. தூள் அரைப்பது மனைவியின் அண்ணன். அரைக்கும் கொட்டகைப் பக்கம் இவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அன்று ஒரு பண்ணைக்காரம்மா அவனை உட்காரச் சொல்லவில்லை. கோழிகள் பத்து நாளாகத் தண்ணீராகக் கழிவதாகச் சொல்லி, செத்த கோழி ஒன்றை அவன் எதிரிலேயே கீறினாள். குடல் காற்றடைத்து உப்பியிருந்தது. உள்தோல் வழவழவென்று உரிந்து செம்பழுப்பு நீரில் மிதந்தது. நாற்றம் அவன் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"தீவனத்தை மாத்தல, தண்ணியை மாத்தல. புதுசா வந்தது உன் மூட்டை ஒண்ணுதான், தம்பி."

நேரே கொட்டகைக்கு வண்டியை விட்டான். கதவைத் திறந்தான். சந்தையில் கழித்துப் போட்ட பூண்டு, ஈரத்தரையில் பச்சைப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. குவியலுக்குள் புழு நெளிந்தது. கறுத்து அழுகிய வேப்பிலை கையில் பிசின்போல ஒட்டியது. அரவை இயந்திரத்தின் வாயோரம் எலிப் புழுக்கை. உள்ளே சிக்கிய வால் ஒன்று வெளியே தொங்கியது. நான்கு வருடம் தன் வயிற்றுக்குள் போனது இதுதான் என்று உறைத்தபோது, வாசலிலேயே குனிந்து குடலே வெளியே வருவதுபோல வாந்தியெடுத்தான்.

மச்சான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். காயவைத்து அரைத்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான், கோழி என்ன ருசி பார்த்தா தின்கிறது என்று சிரித்தார்.

"நான் தின்னேன், மச்சான்."

"உன்னை யாரு விழுங்கச் சொன்னா, மாப்பிள்ளை? வாயில போட்டுட்டு அந்தப் பக்கம் போய்த் துப்ப வேண்டியதுதானே."

தண்ணீரை வாங்காமலே திரும்பிவிட்டான்.

அண்ணனைப் பகைத்துக்கொள்வதா என்று மனைவி முதலில் எரிந்து விழுந்தாள். அவன் அவளைக் கூட்டிப்போய்க் கொட்டகைக்குள் நிறுத்தினான். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவள், இனி வீட்டுப்பக்கம் வராதே என்று அண்ணனிடம் அங்கேயே சொல்லிவிட்டாள்.

அடுத்த நான்கு நாளும் அவன் பண்ணை பண்ணையாக அலைந்து மூட்டைகளைக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னான். வாங்கிய திட்டுக்கு அளவில்லை. ஓரிடத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் பண்ணைக்காரம்மா போன் செய்தாள். கழிச்சல் நின்று எச்சம் கெட்டியாகிவிட்டதாம். வேறெதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே என்று சொல்லிவிட்டு வைத்தாள்.