ஏரம்பரின் கட்டுரைகள்

சரவணையில் புகையிலை போட்டுப் பிழைத்த ஏரம்பர் தமது வாழ்நாளில் எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டுந்தான். ஆனால் அவர் செத்த பிறகு, உவர்க்கிணறுகளை ஆராய்கிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிணறு கிணறாக அலைந்து அந்தக் கட்டுரைகளை எழுதியவள் அவருடைய மகள் இரஞ்சிதம். வெளிநாட்டுச் சஞ்சிகை முழுப் பெயர் கேட்டபோது தன் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து ‘இரஞ்சிதம் ஏரம்பு’ என்று எழுதி அனுப்பினாள். கடைசியில் நிற்பதைத்தான் அவர்கள் ஆளின் பெயராக எடுப்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

கலியாணம் கட்டியதும் புருசனின் பெயர் சேர்ந்து ‘இரஞ்சிதம் விநாயகமூர்த்தி’ ஆனாள். பனங்கிழங்கில் பிடிக்கும் பூஞ்சணம் பற்றி அவள் எழுதிய கட்டுரைகளின் புகழ் புருசனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதருக்குப் பனங்கிழங்கைச் சாப்பிட மட்டும் தெரியும். அவர் ஜேர்மனிக்குப் போய், கடிதமும் நின்றுபோன பிறகு, கரையில் ஒதுங்கும் கடற்சாதாளையைத் தோட்டத்துக்குப் பசளையாக்குவது பற்றி ஒன்று எழுதி, அதற்குத்தான் வி. இரஞ்சிதம் என்று போட்டாள். அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், அவள் குடியிருந்த கொழும்பு வீடு பத்திரங்களோடு எரிந்தது. அதன்பிறகு, கட்டுரைகளுக்கெல்லாம் விலாசமாகப் போட்டுவந்த அப்பாவின் வீட்டில் தனியாக இருந்துகொண்டு, பல்கலைக்கழகங்களுக்கு வேலை கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவரும் பதில் போடவில்லை. இன்னும் கொஞ்சக் காலம் இப்படியே போனால் சுவரோடு கதைக்கத் தொடங்கிவிடுவேன் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

எண்பத்தைந்து ஆவணியில் ஒரு பின்னேரம், விடுமுறைக்குப் பக்கத்து ஊரான கரம்பொன்னுக்கு வந்திருந்த பேராசிரியர் அம்புறோஸ் கார் பிடித்து வந்து படலையைத் தட்டினார். முகம் நிறையச் சிரிப்பு.

"நீர்தானே இரஞ்சிதம்? ஏரம்பு ஐயா நிக்கிறாரோ? விநாயகமூர்த்தி எங்கை? மூண்டு பேரும் ஒரே விலாசத்தில இருந்தெல்லோ எழுதுறியள்."

இல்லை என்று சொன்னால் மனிதர் வாசலோடு திரும்பிவிடுவார். அந்த வீட்டுக் கதிரையில் வேறொருவர் இருந்து எவ்வளவு காலம்.

"இப்பதான் தோட்டத்துப் பக்கம் போயிட்டினம் சேர். வந்து இருங்கோ."

கொஞ்ச நேரம் இருத்திவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். அவர் கிணறுகளைப் பற்றிக் கேட்டார். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, மாரித் தண்ணியை அளந்து போட்டுத்தான் எதையும் நம்புவார். இவர் அதுக்கு நேர்மாறு. கிழங்கில பூஞ்சணம் வாறதே உவராலதான் எண்டு ஒற்றைக்காலில நிப்பார். நான் ரெண்டு பேருக்கும் நடுவில."

அம்புறோஸ் விழுந்து விழுந்து சிரித்தார். குறுக்குக் கேள்வி கேட்டார். ஐயா விட்டுக்கொடுக்கவில்லை, புருசன் விடவில்லை, அவள் மூன்றாவது பக்கம் நின்று வாதாடினாள். இவ்வளவு சந்தோசமாக அவள் எந்தக் காலத்திலும் கதைத்ததில்லை. பொழுது போனதே தெரியவில்லை.

வெளியில் கார்க்காரன் கோன் அடித்தான். அம்புறோஸ் எழும்பினார்.

"பிள்ளை, எங்கட பல்கலைக்கழகத்தில ஒரு இடம் இருக்கு. ஆளைத் தெரிவு செய்யிறது என்ர பொறுப்பு. ஆர் ஆரை எத்தினை பேர் மேற்கோள் காட்டியிருக்கினம் எண்டு சுட்டிப் புத்தகங்களில பாத்தனான். ஐயாதான் மேல. அவருக்கு ஏலாட்டி உம்மட அவர். உமக்கு ஒரு கட்டுரைதான் கிடக்கு, அதையும் ஒருத்தரும் எடுக்கேல்லை. குறை நினையாதையும்."

"சேர், அந்த மூண்டு பேரும் நான்தான்."

அப்பா செத்தது, புருசன் போனது, பெயர் மாறிப்போனது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"இப்பதானே தோட்டத்தில நிக்கினம் எண்டனீர்."

"கதைக்க ஆளில்லாமல் சொல்லிப் போட்டன் சேர்."

"கலியாணப் பத்திரம், ஏதும்?"

"கொழும்பில எரிஞ்சு போச்சு."

அவர் தலையை ஆட்டினார். "தண்ணி, பூஞ்சணம், சாதாளை. மூண்டையும் ஒராள் செய்யேலாது பிள்ளை. நானே ஒண்டைத்தான் செய்தனான். அதோட இவ்வளவு நேரமும் அவை ரெண்டு பேரும் பிடிக்கிற சண்டையை நீர்தானே எனக்குச் சொன்னனீர். இல்லாத ஆக்கள் அப்பிடிச் சண்டை பிடிப்பினமோ?"

அவர் கோபித்திருந்தாலாவது திருப்பி ஏசியிருக்கலாம். மனிதர் அவளைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"மற்றவையின்ர உழைப்பை எங்கட எண்டு சொல்லக்கூடாது, பிள்ளை," என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறினார். கதவைச் சாத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "ஐயா தோட்டத்தால வந்தா எனக்கு ரெண்டு வரி எழுதச் சொல்லும்."

"ஓம் சேர், சொல்லுறன்," என்றாள் இரஞ்சிதம்.