பனிக்குள் கேட்ட விசில்

"மூடுபனியில நம்மகூடப் பேசாதவங்க கூப்பிட்டாலும் போகணுமாப்பா?"

ஆறு வயது ஹெட்டி இதைக் கேட்டது, உலகப் போர் நடந்த ஒரு ஜனவரி மாலையில், சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே. அவள் அப்பா ஐசக் கீர்ட்டன் அப்போதுதான் ஆடு மேய்கிற மலை மேட்டுவெளியிலிருந்து இறங்கி வந்திருந்தார். மேலே மூடுபனிக்குள் யாரோ விடாமல் விசில் அடித்தார்கள், பக்கத்துப் பண்ணை ஜோனஸ் பீக்காக் நாயைக் கூப்பிடுகிறார் போல, நான் திரும்பிவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவன் நாய் தொலைஞ்சா எனக்கென்ன? பேசாம சாப்பிடு."

மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. ஜோனஸின் கடா சுவர் தாண்டி வந்ததில், ஐசக்கின் ஆடுகள் பருவம் தப்பி நடுப்பனியில் ஈன்றன. குட்டிகள் பிழைக்கவில்லை. அதிலிருந்து பிரார்த்தனைக் கூடத்தில் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்து, ஒரே பாட்டை, முகம் பாராமல் பாடினார்கள்.

படுத்த பிறகுதான் ஐசக்குக்கு உறுத்தியது. ஜோனஸ் விரலை வாயில் வைத்து அடிக்கும் விசில் நீண்டு வளையும். இதுவோ வெட்டி வெட்டி ஒலித்தது. மதியம் ஒரு பெரிய சத்தம்கூடக் கேட்டது. கல் குவாரி வெடி என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அவருடைய நாய் மட்டும் காதை நிமிர்த்தி, அவர் முகத்தையே பார்த்து நின்றது.

வெளிச்சம் வந்ததும் கம்பளியும் சூடான தேநீரும் எடுத்துக்கொண்டு ஏறினார். புதர்களுக்கு மேல் பெட்ரோல் வாடை. கறுப்புச் சேற்றில் ஒரு குண்டுவீச்சு விமானம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஐந்து பேர் வரிசையாகக் கிடத்தப்பட்டு, பாராசூட் துணியால் மூடப்பட்டிருந்தார்கள். உடைந்த இறக்கையின் மறைவில் ஆறாவது ஆள், கால் ஒடிந்த இளைஞன், ஜோனஸின் மடியில் தலை வைத்திருந்தான். அவன் கழுத்துப்பட்டையில் ஒரு விசில் தொங்கியது. அவன்மேல் ஜோனஸின் கோட்டு. ஜோனஸ் வெறும் சட்டையோடு இருந்தார்.

"வந்துட்டியா?" ஜோனஸுக்குப் பல் கிடுகிடுத்தது. "கனடாக்காரன். விட்டுட்டுப் போனா விறைச்சிருவான்னு இங்கயே உக்காந்துட்டேன். தூங்கவிடாம, உங்க ஊரு ஆட்டைப் பத்திச் சொல்லுடான்னேன். ஆடே கெடையாதாம், வெறும் கோதுமையாம். பாவம்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"விசில் கேட்டுச்சு. நீதான் எங்கியோ விழுந்து கெடக்கறேன்னு நெனச்சு ஓடியாந்தேன். உன் விசில் எப்பவும் இப்படித்தானே, தொண்டை கட்டின சேவல் மாதிரி."

நானும் கேட்டேன் என்று சொல்ல ஐசக் வாயைத் திறந்தார். அதற்குப் பதிலாக, கம்பளியை ஜோனஸின் தோளில் சுற்றி, தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, ஆட்களைக் கூட்டிவரக் கீழே ஓடினார்.

இளைஞன் பிழைத்தான், காலும் கூடியது. ஜோனஸ்தான் மார்ச்சளியில் படுத்துவிட்டார். பட்டணத்திலிருந்து அவர் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். சொன்ன நேரத்துக்கு வருகிறவர்களைக் கடவுளுக்குப் பிடிக்கும். தாமதமாக வருகிறவர்களுக்கும் அவர் ஏதாவது ஒரு வேலை மிச்சம் வைத்திருப்பார்.

அடுத்த வாரம் பெரும்பனி கொட்டியது. ஐசக்கின் ஆடுகள் முன்பே பட்டிக்கு வந்துவிட்டன. இருந்தும், ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஏறினார். ஜோனஸின் நிலத்துச் சுவரோரம் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதற்குள் புதைந்துபோன ஜோனஸின் ஆடுகளின் மூச்சு பட்டு மஞ்சளாகிய சிறு துளைகளைத் தேடி, நீண்ட கோலால் குத்திப் பார்த்துத் தோண்டினார். மதியத்துக்குள் இருபத்துமூன்று வெளியே வந்தன. தன் முதுகில் சுமந்து வந்த வைக்கோலைக் காற்று படாத இடத்தில் பரப்பினார்.

கடைசியாக வந்த கிழட்டு ஆட்டுக்குக் கால் நிற்கவில்லை. அதை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, விலாவைத் தேய்த்தபடி நின்றார். வெகுநேரம் கழித்து அதன் உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது. அவர் மெல்லக் கைகளை விலக்கினார். ஆடு ஒரு அடி வைத்தது, சாய்ந்தது, நிமிர்ந்தது. பிறகு திரும்பிப் பாராமல், மற்ற ஆடுகள் மென்றுகொண்டிருந்த பக்கம் நடந்தது.