ஞாயிற்றுக்கிழமைகள் இருந்த அறை

புதிமிர் வியன்னாவில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பவிருந்த இலையுதிர்காலத்தில், அவன் கட்டிய மூன்று மாடி வீட்டில் அவன் படுக்க ஓர் அறைகூட மிச்சமில்லை. எல்லா அறைகளிலும் வீடியோ நிரம்பியிருந்தது. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நிறைந்த பிறகு படங்கள் முதலில் சமையலறைக்கு அடுத்த அறைக்குள் போயின, பிறகு மாடியேறின. இரண்டாம் மாடியில் இடப்பக்கக் கதவைத் திறந்தால் மகள் யாஸ்னாவின் கல்யாண நாள் நண்பகல். வெயிலும் அக்கார்டியன் சத்தமும் ஆட்டுக்கறி சுடும் வாசனையும் முகத்தில் அடிக்கும். சாத்தினால் அடங்கிவிடும். மீட்டர் பார்க்க வந்தவர் கதவு மாறித் திறந்து, ஒரு தட்டுக் கறி சாப்பிட்டு, வட்ட நடனத்தில் ஒரு சுற்று ஆடிவிட்டுக் கீழே வந்து மின்சார அளவைக் குறித்துக்கொண்டு போனார். ஆட்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்ட நெகோதின் பக்கத்து ஊர்களில் பாதி வீடுகள் பெரிதாகவும் ஆளில்லாமலும் நிற்பவை. புதிமிரின் மனைவி ஸ்தாமென்காவின் வீடு மட்டும் நிறைந்திருந்ததில் ஊருக்குக் கொஞ்சம் பொறாமை.

புதிமிர் வியன்னாவில் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். ஒவ்வோர் ஆகஸ்டும் வந்து வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவான், சிமென்ட் காய்வதற்குள் கிளம்பிவிடுவான். ஒரு வருஷம் அறைக்குப் பதில் ஒரு கேமரா கொண்டுவந்தான். "நான் இல்லாதப்ப நடக்கறதையெல்லாம் எடுத்து வை, வந்து பார்க்கறேன்" என்றான். அவள் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டாள். பன்றி வெட்டும் நாள், பிளம் சாராயம் காய்ச்சும் நாள், ஞானஸ்நானம், கல்யாணம், ஒன்றுமே நடக்காத ஞாயிறு மதியச் சாப்பாடுகள் என்று எடுத்துக்கொண்டே இருந்தாள். எந்தப் பந்தியிலும் புதிமிருக்கென்று ஒரு நாற்காலியும் தட்டும் இருக்கும். அந்த ஊரில் அப்படி வைப்பது செத்தவர்களுக்குத்தான்.

"உசிரோட இருக்கறவனுக்குப் போய்த் தட்டு வைக்கறியே, உனக்கென்ன கிறுக்கா?" என்பாள் பக்கத்து வீட்டு விதோசவா.

"செத்தவங்கல்லாம் நேரத்துக்கு வந்து சாப்பிட்டுப் போயிடறாங்க. இந்த மனுஷன்தான் வர மாட்டேங்கறான்."

செப்டம்பரில் புதிமிர் போன் செய்தான். நவம்பரில் வரும் புனித திமித்ரி பண்டிகைக்குள் ஊரோடு வந்துவிடுவதாகவும் தனக்கு ஓர் அறை ஒழித்து வைத்தால் போதும் என்றும் சொன்னான். எதை ஒழிப்பது என்று கேட்டாள். "பழசையெல்லாம் அழிச்சுடு. அதை யாரு உக்காந்து பார்க்கப்போறா?" என்றான். அவள் போனை வைத்தாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். கல்யாண வீடியோ எடுக்கிற த்ராயன் போனிலேயே வழி சொன்னான். வெட்டி ஒட்டும்போது கம்ப்யூட்டர் தன் வசதிக்காக எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும், முதலில் அதை அழிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் அதே கல்யாணம் சோப்புத் தண்ணீரில் கழுவியதுபோல் மங்கலாக நடந்துகொண்டிருப்பதை அவள் கண்டுபிடித்தாள். அழித்ததும் வெறும் சுவர் தெரிந்தது. சந்தோஷமாகத் தரையைக் கழுவிவிட்டாள். மறுநாள் நடனத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று, வெட்டி ஒட்டும் கோப்பான புராஜெக்டைத் திறந்தாள். மாலைக்குள் இரண்டு அறைகளும் மறுபடி நிறைந்துவிட்டன. "புராஜெக்ட் வெறும் குறிப்புதான் அக்கா. எந்தக் காட்சி எங்கேர்ந்து எங்க வரைக்கும்னு மட்டும் அதுல இருக்கும், படம் இருக்காது. திறந்தா மூலத்துலேர்ந்து நகலை மறுபடி எடுத்துக்கும். படத்தை முடிச்சு ஒரே கோப்பா எடுத்துடுங்க, அப்புறம் மூலத்தை அழிங்க. வேற வழியில்ல" என்றான் த்ராயன்.

முடிப்பதும் லேசாக இல்லை. நடனத்திலிருந்து யாரையும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் அவர்கள் கல்யாணத்துக்கே வரவில்லை என்றாகிவிடும். விதோசவா தினமும் வந்து தான் ஆடுகிற இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். தோளில் பையோடு ஆடும் மீட்டர்காரரைக்கூட விட்டுவைக்க வேண்டியதாயிற்று. ஒருவழியாகக் கல்யாணத்தோடு மற்ற நாட்களையும் முடித்து எடுத்தபோது படம் சமையலறை அலமாரியின் ஒரு தட்டில் அடங்கியது. இனி மூலத்தை அழிக்கலாம். ஸ்தாமென்கா படுக்கையறையில் தொடங்குவது என்று முடிவு செய்தாள். அதில் இருந்தவை ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு மேஜை, சூப், காலி நாற்காலி, வேறொன்றுமில்லை. எவரும் யோசிக்காமல் அழிக்கக்கூடியவை. அவள் விரலைப் பொத்தானின் மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அப்படியே பல நாள் போயிற்று.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில், சொன்ன நாளுக்கு முன்பாகவே பேருந்திலிருந்து இறங்கி, டைல்ஸ் வெட்டும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு புதிமிர் வந்து நின்றான்.

"என்ன பண்ற?"

"உனக்கு ரூம் ஒழிக்கறேன்."

அவன் மாடியேறிப் படுக்கையறைக் கதவைத் திறந்தான். உள்ளே மழை பெய்யும் ஞாயிறு. பள்ளிக்கூட வயது யாஸ்னா முள்கரண்டியால் மேஜை விரிப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நரைக்காத ஸ்தாமென்கா சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தட்டு யாருக்கு?"

"உனக்குத்தான்" என்றாள் அவன் பின்னால் நின்ற ஸ்தாமென்கா. "ஆறிப்போச்சுன்னு மட்டும் சொல்லாத, இப்பத்தான் ஊத்தியிருக்கேன்."

வாசலில் அவன் நின்ற நேரத்துக்கு இன்னொரு தட்டு சூப்பே ஆறியிருக்கும். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். யாஸ்னா நிமிர்ந்து பார்த்து ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஒவ்வோர் அறையாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். இடுப்பு பெருத்தது. கல்யாணத்தில் மகளோடு ஆடினான், மீட்டர்காரரோடு சாராயம் குடித்தான். அவன் சாப்பிட்டு முடித்த அறைகளை ஸ்தாமென்கா வைத்த விரலை எடுக்காமல் அழித்தாள். வசந்தத்துக்குள் வீடு காலியாகிவிட்டது, ஒரு மாடியில் வெங்காயம் உலர்த்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அவர்கள் அழிக்கவில்லை. புதிமிர் அங்கேதான் தூங்குகிறான், மேஜைக்குப் பின்னாலிருக்கும் சோபாவில், மழைச் சத்தத்தில். அவன் கண்ணயர்ந்தால் சின்ன யாஸ்னா குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

வியன்னாவில் இருக்கும் பெரிய யாஸ்னா, அம்மா அனுப்பிய முடித்த படங்களைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். தான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அப்பா தலை நரைத்து உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "காலரை மடிச்சு விட்டுக்கச் சொல்லும்மா, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது" என்றாள். ஸ்தாமென்கா ஞாயிற்றுக்கிழமைகள் இருந்த கோப்பின் அளவைப் பார்த்தாள். அந்தக் காலி நாற்காலியில் அவன் வந்து உட்கார்ந்ததில் அது ஒரு துளிகூட ஏறியிருக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுப்பில் சூப்பை வைத்தாள்.